பென்சிலா, கத்தியா?

1987-இல் கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் முதலாளி அண்ணாச்சி என்னைக் கேமரா பக்கமே விடவில்லை. ஹைப்போ கரைப்பது, காப்பிகளை அலசிக் காயப்போடுவது, மிச்ச நேரத்தில் பென்சில் சீவுவது, இவ்வளவுதான் வேலை. அது பள்ளிக்கூடத்துச் சீவல் இல்லை. 2எச் பென்சிலில் ஒரு அங்குலத்துக்கு மரத்தை உரித்துவிட்டு, வெளியே நிற்கும் கரிக்குச்சியை உப்புத்தாளில் உருட்டி உருட்டி ஊசி மாதிரி ஆக்க வேண்டும். சீவிய பென்சிலை அண்ணாச்சி தன் புறங்கையில் லேசாகத் தொட்டுப் பார்ப்பார். குத்தினால் சரி. குத்தாவிட்டால் திரும்ப என் கைக்கு வரும்.

டச்சிங் மேசை ஜன்னலோரம் இருந்தது. சாய்வான பலகை, நடுவில் ஒரு திறப்பு, அதில் பதித்த மங்கல் கண்ணாடி, வெளிச்சத்தை மேலே திருப்பிவிட அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதன் மேல் 120 ஃபிலிம் நெகட்டிவை வைத்து, மருந்து பூசிய பக்கத்தில் பிசின் கலந்த வார்னிஷைப் பஞ்சால் தொட்டுத் தடவுவார். அது காய்ந்தால்தான் பென்சில் பிடிக்கும். நெகட்டிவில் முகம் கட்டைவிரல் நகத்தளவுதான். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் நெகட்டிவில் அந்த இடம் வெளிறிக் கிடக்கும். அங்கே காற்புள்ளி காற்புள்ளியாகக் கரியைச் சேர்க்கச் சேர்க்க, பிரிண்டில் இருட்டு அந்த அளவுக்கு இளகும். லென்ஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மூச்சைக் கட்டி அவர் அந்தப் புள்ளிகளை வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்துக்கு அரைமணி நேரம் ஆகும்.

இதற்கு நேர் எதிரான வேலைக்குக் கத்தி. மூக்குக் கண்ணாடியில் லைட் பட்டுப் பளீரென்று விழுந்தால் நெகட்டிவில் அந்த இடம் கறுத்துத் தடித்திருக்கும். அதைச் சுரண்டித்தான் எடுக்க முடியும். நான் சேர்ந்த இரண்டாம் வருடம், அண்ணாச்சி வெளியூர் போயிருந்த நாளில், ஓய்வு பெறப்போகிற ஓர் ஆசிரியரின் நெகட்டிவில் நானாகவே பிளேடை வைத்தேன். மருந்து முழுவதும் உரிந்து ஃபிலிம் வெறுமையாகத் தெரிந்தது. பிரிண்டில் அவருடைய இடது கண் இருந்த இடத்தில் கரும்பொட்டு. அந்தப் பெரியவர் திரும்ப ஒருமுறை வேட்டி சட்டை மாற்றி வந்து உட்கார வேண்டியதாயிற்று. அண்ணாச்சி திட்டவில்லை. “பென்சில் போட்டா டர்பன்டைன்ல துடைச்சிரலாம் தம்பி. கத்தி வச்சா வச்சதுதான். கத்திய எடுக்குமுன்னால எந்திரிச்சுப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வா” என்றார்.

இன்று என் கடைக்கு வருகிறவர்களில் பத்துப் பேரில் நான்கு பேராவது, “அண்ணே, படத்த நல்லாக்கணும்னா எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?” என்று கேட்கிறார்கள். புதிதாகக் கேமரா வாங்கிய கல்லூரிப் பையன்கள், பறவை எடுக்கக் கண்மாய்க் கரையில் உட்காருகிற டாக்டர், சேலை விற்க வாட்ஸப்பில் படம் போடும் வீட்டுப் பெண்கள். எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இன்றைக்கு அதில் செய்த வேலையை நாளைக்குத் துடைக்க முடியுமா? அந்த மென்பொருள் பென்சிலா, கத்தியா? அதில் எத்தனை ஃபில்டர் இருக்கிறது, எவ்வளவு வேகம், பக்கத்துக் கடைக்காரர் எதை வைத்திருக்கிறார் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதை நான் தெரிந்துகொண்டது சும்மா இல்லை.

2003-இல் சொந்தக் கடைக்கு முதல் சிஸ்டம் வாங்கினேன். போட்டோஷாப் 7 அதற்கு முந்தின வருடம்தான் வந்திருந்தது. அதில் ஹீலிங் பிரஷ் என்று ஒன்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அதற்கு முன்பிருந்த குளோன் ஸ்டாம்ப், ஓரிடத்துத் தோலை அப்படியே வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டும். ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி விளிம்பு தெரியும். ஹீலிங் பிரஷ் கன்னத்துத் தோலின் மயிர்க்கால், துளை போன்ற நெசவை மட்டும் எடுத்துக்கொள்ளும். நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒட்டுகிற இடத்திலிருந்தே வாங்கிக்கொள்ளும். அண்ணாச்சியின் அரைமணி நேரம் எனக்கு ஒரு நிமிடமானது. முதல் நாள் ராத்திரி கடையைச் சாத்திவிட்டு விடியும்வரை அதையே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே போட்டோஷாப்பில் லேயர் இருந்தது. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே வந்துவிட்ட வசதி. ஒரிஜினலை அடியில் வைத்து, மேலே ஒரு கண்ணாடித்தாள் விரித்த மாதிரி, செய்வதையெல்லாம் அந்தத் தாளில் செய்யலாம். வேண்டாமென்றால் தாளை உருவிவிடலாம். பென்சில்தான் அது. ஆனால் எனக்கு அவசரம். லேயர் போட்டால் ஃபைல் பெரிதாகும், சிஸ்டம் திணறும். நேரே ஒரிஜினலிலேயே டச்சிங் செய்து அதே பெயரில் ஜேபெக்காகச் சேமித்துவிடுவேன். ஜேபெக் ஒவ்வொரு தடவை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் விவரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் சுருங்கும். பென்சில் பக்கத்திலேயே இருந்தும் நான் தினம் நூறு கத்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

போதாததற்குத் தோலை மழமழப்பாக்கும் ஒரு பிளக்-இன் கிடைத்தது. ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால் அதிலிருக்கும் முகங்கள் எல்லாவற்றையும் தானாகத் துடைத்துக் கொடுக்கும். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருகிறவர்களின் படத்தை எல்லாம் சாயங்காலம் மொத்தமாக அதில் போட ஆரம்பித்தேன். காவலர் வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு பையன் படம் எடுத்துப் போயிருந்தான். சில மாதம் கழித்து அவன் அப்பாவோடு வந்தான். அவனுடைய சான்றிதழில் அங்க அடையாளம் என்ற இடத்தில், மூக்குக்குப் பக்கத்தில் வலது கன்னத்தில் ஒரு கரிய மச்சம் என்று எழுதியிருக்கிறது. நான் கொடுத்த படத்தில் மச்சம் இல்லை. சரிபார்க்கும் இடத்தில் அவனைத் தனியே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம்வரை நின்று, விளக்கம் எழுதிக் கொடுத்து வந்திருக்கிறான். அப்பா ஒன்றும் பேசவில்லை. பையன்தான் கேட்டான்: “அண்ணே, எம் மச்சத்த எடுக்கச் சொல்லி நான் கேட்டனா?”

ஒரிஜினலைத் தேடினேன். எங்கே இருக்கும்? அதன் மேலேயே சேமித்தாயிற்று. மச்சத்தை மட்டுமல்ல, அவன் எழுத்துத் தேர்வுக்குப் படித்த அந்த வருடத்து முகத்தையும் நான் அழித்துவிட்டேன். அன்றைக்கே அந்தப் பிளக்-இன்னை நீக்கினேன். கேமராவிலிருந்து இறங்கும் படம் ஒரு ஃபோல்டரில் பூட்டிக் கிடக்கும், வேலை எல்லாம் அதன் நகலில் மட்டும் என்ற ஏற்பாடு அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. பருவும் கீறலும் பத்து நாளில் போகிறவை, அவற்றை எடுக்கலாம். மச்சம், தழும்பு, அம்மைத் தடம், கன்னக்குழி ஆகியவற்றைக் கேட்காமல் தொடக் கூடாது.

இரண்டாவது பாடம் ஒரு பட்டுப்புடவையால் வந்தது. 2006 கல்யாணம். அப்போது என்னிடம் நிக்கான் டி70, 6 மெகாபிக்சல். மண்டபத்தில் வீடியோக்காரர் ஹாலோஜன் விளக்கைப் பெண்ணின் மேலேயே பிடித்திருந்தார். ஆல்பம் போய்ச் சேர்ந்த மறுநாள் பெண்ணின் தாயார் ஒரு மஞ்சப்பையோடு கடைக்கு வந்தார். பையிலிருந்த முகூர்த்தப் பட்டை எடுத்து என் மேசைமேல் விரித்தார். “நல்லாப் பாருங்க தம்பி, எம் பிள்ளைக்கு எடுத்தது அரக்கு. நீங்க தக்காளி கலரு போட்டு வச்சிருக்கீக.”

பட்டைத் தொட்டுப் பார்த்தேன். மடிப்பின் முதுகில் சிவப்பும் பள்ளத்தில் கறுப்புக்குப் பக்கமான மாநிறமும் ஓடியது. என் படத்தில் அது ஒரே சிவப்புக் கட்டி. இரண்டு நாள் போட்டோஷாப்பில் போராடினேன். நிறத்தை அரக்கு பக்கம் இழுக்க முடிந்தது, மடிப்பை வரவழைக்க முடியவில்லை. சிவப்புச் சேனலை மட்டும் தனியே திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. புடவை முழுவதும் 255. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு மொத்தம் 256 படிகள்தான். ஹாலோஜன் மஞ்சளில் சிவப்புப் பட்டு உச்சிப் படியில் போய் முட்டி நின்றுவிட்டது. முட்டிய இடத்தில் மடிப்பும் இல்லை, ஜரிகையின் ஓரமும் இல்லை. கேமராவே எனக்காகக் கத்தி வைத்து முடித்திருந்தது.

அந்த அம்மாவுக்குப் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த கல்யாணத்திலிருந்து ரா ஃபைலில் எடுக்க ஆரம்பித்தேன். அந்தக் கேமராவின் ரா 12 பிட். 256 படிகளுக்குப் பதில் 4096. உச்சியில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். விளக்கு மஞ்சளா வெள்ளையா என்ற தீர்ப்பையும் அது எழுதி முடித்துவிடாது, நமக்கே விட்டுவைக்கும்.

ரா எடுத்தால் அதைக் கழுவ ஓர் ஆள் வேண்டும். லைட்ரூம் 2007 தொடக்கத்தில் வந்தது. நான் பிடித்தது அடுத்த வருடம் வந்த இரண்டாம் பதிப்பை, முகத்தை மட்டும் தூக்கவோ வானத்தை மட்டும் இறக்கவோ பிரஷ் கொடுத்த பதிப்பு. அது மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. வெளிச்சம் அரைப்படி கூட்டு, நிழலைத் திற, இந்த மூலையை வெட்டு என்று நாம் சொல்வதை ஒரு சீட்டில் எழுதிவைத்துக்கொள்கிறது. பிரிண்டுக்கு அனுப்பும்போதுதான் சீட்டைப் படித்து ஒரு நகல் போடுகிறது. எனக்கு உடனே டார்க்ரூம் நினைவு வந்தது. நெகட்டிவ் பட்டர் பேப்பரில் பத்திரமாக இருக்கும். என்லார்ஜருக்கு அடியில் நாம் கையால் மறைப்பதும் திறப்பதும் காப்பியில் மட்டும்தான். ஆயிரம் படம் எடுக்கும் கல்யாணக்காரருக்கு இந்த வகை மென்பொருள்தான் முதல் தேவை. போட்டோஷாப் வகை, ஒரு படத்தை மடியில் போட்டு இழை இழையாகப் பார்க்க. என்னுடைய ஆயிரத்தில் தொள்ளாயிரத்து ஐம்பது படங்கள் போட்டோஷாப்பைப் பார்ப்பதே இல்லை.

தோல் நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. “கொஞ்சம் வெள்ளையா போட்ருங்க” என்று கேட்காத வீடு இல்லை. எல்லா மென்பொருளும் அதற்கு வழி வைத்திருக்கிறது. மனிதத் தோல் எந்த ஊர்த் தோலானாலும் நிறச் சக்கரத்தில் ஆரஞ்சு பக்கம்தான் நிற்கும், அடர்த்திதான் வேறு. ஆரஞ்சின் ஒளிர்வை மட்டும் ஏற்றினால் முகம் ஒரே நொடியில் வெளுக்கும். கூடவே சாம்பல் பூக்கும். கரிசல் வெயிலில் உழைத்த முகத்தில் கன்ன எலும்பின் மேல் ஒரு மினுக்கம் இருக்கிறதே, செம்பும் எண்ணெயும் கலந்த மாதிரி, அது முதலில் செத்துப்போகும். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். நான் அந்த ஒளிர்வு ஸ்லைடரைத் தொடுவதில்லை. அதற்குப் பதில் முகத்தில் நிழலை மட்டும் கொஞ்சம் திறந்து, கண்ணில் வெளிச்சம் வரச்செய்து காட்டுகிறேன். பெரும்பாலும், “ஆமா, இதுதான் அவ” என்று சொல்லிவிடுகிறார்கள். சண்டை போட்டுப் போனவர்களும் உண்டு. மனசு கேட்காத வேலைக்குக் கூலி வாங்க எனக்கு வரவில்லை.

எந்த மென்பொருளானாலும் மானிட்டர் பொய் சொன்னால் பயனில்லை. “சிஸ்டத்துல நல்லா இருந்துச்சு, லேப்ல இருட்டா போட்டுட்டான்” என்று வருகிறவர்களின் திரையைப் போய்ப் பார்த்தால் வெளிச்சம் முழு அளவில் எரியும். கடையில் விற்கும்போது இருந்தபடியே வைத்திருப்பார்கள். நான் லேபில் போட்ட ஒரு 8×12 காப்பியைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி, இரண்டும் ஒத்து வரும்வரை திரையைக் குறைத்துவைத்தேன். பிறகுதான் அளவுபார்க்கும் கருவி வாங்கினேன். லேபுக்குப் போகும் படம் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் இருக்க வேண்டும். சிவகாசியில் காலண்டருக்கோ அழைப்பிதழுக்கோ ஆஃப்செட்டில் அச்சாகிற படத்தை சிஎம்ஒய்கே-யில் கேட்பார்கள். அச்சு வேலை உண்டு என்றால் அதை ஒழுங்காகத் தரும் மென்பொருளைத்தான் பார்க்க வேண்டும்.

பணம் பற்றியும் மறைக்க ஒன்றுமில்லை. நானும் பல வருடம் கிராக் சிடியில்தான் ஓட்டினேன். 2011-இல் அப்படி ஒரு சிடியோடு வந்த வைரஸ், ஒரு காதுகுத்து வீட்டுப் படங்கள் முழுவதையும் கொண்டுபோனது. அந்தக் குழந்தைக்கு இன்னொரு காதுகுத்து எடுக்க முடியாது. அதன் பிறகு காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். 2013-இல் அடோபி சந்தாவுக்கு மாறியது. ஒருமுறை வாங்கினால் சொந்தம் என்ற காலம் போய், மாத வாடகை. கல்யாண சீசனில் வாடகை தெரியாது, ஆடியிலும் மார்கழியிலும் தெரியும். வாடகை நின்றால் லைட்ரூமில் பழைய படங்களைப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். வேறு மென்பொருளுக்குப் போனால் அந்தச் சீட்டுகள் முழுதாகப் படிக்க வராது. அதனால் முக்கியமான படங்களை 16 பிட் டிஃப் ஆகவும் எடுத்துவைக்கிறேன்.

வாடகை கட்ட முடியாத பையன்களுக்கு நான் காட்டுவது டார்க்டேபிள். 2009-இல் தொடங்கியது, இலவசம், ராவைத் தொடாமல் பக்கத்திலேயே சிறு குறிப்பு ஃபைல் எழுதிவைக்கும் பென்சில் ஜாதி. முதல் மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும், பொறுத்தால் கை பழகிவிடும். ஒற்றைப் பட வேலைக்கு ஜிம்ப். கலிபோர்னியா பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் 1995-இல் தொடங்கியது. ரொம்பக் காலம் அதில் போட்ட ஃபில்டர் போட்டதுதான். 2025-இல் வந்த 3.0 பதிப்பில்தான் ஃபில்டரைப் பிறகு திறந்து மாற்ற வழி வந்தது. தமிழுக்காக அதை நான் முன்பே நேசித்தேன். பழைய போட்டோஷாப்பில் ஆல்பத்தில் மணமக்கள் பெயரை யூனிகோடில் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும். பாமினி எழுத்துருவில் தனியே அடித்து ஒட்டுவோம். ஜிம்பில் ‘கோமதி’ என்று அடித்தேன், கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நின்றன.

விண்ணப்பத்துக்கு 50 கேபி-க்குள் படம் சுருக்க இதெல்லாம் வேண்டாம், இர்ஃபான்வியூ போதும். போன் படத்துக்கு ஸ்னாப்சீட் போதும், அதிலும் செய்த வேலையைப் படிப்படியாகத் திறந்து மாற்றலாம்.

போன தை மாதம் தூத்துக்குடியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கையில் 1991-இல் எடுத்த அவருடைய அப்பாவின் காப்பி. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். ஓரம் கரையான் அரித்திருந்தது. பெரிதாக்கித் தர வேண்டும், கூடவே ஒன்று: “அப்பாவுக்கு இந்தப் புருவத்துக்கு மேல ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. மெசின்ல அடிபட்டது. சின்னப்பிள்ளையில நான் அத தடவிக்கிட்டேதான் தூங்குவேன். போட்டோவுல அதக் காணோம்.” என் கடைப் பையன் உடனே, “அண்ணே, ஏஐ-ல சொன்னா ஒரு செகண்ட்ல தழும்பு போட்டுக் குடுத்துரும்” என்றான். போட்டிருக்கும்தான், ஏதோ ஒரு தழும்பை.

காப்பியின் முதுகில் எங்கள் பழைய ஸ்டுடியோ முத்திரையும் எண்ணும் இருந்தது. அண்ணாச்சி கடையை மூடியபோது நெகட்டிவ் டிரங்குப் பெட்டிகளை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் தேடி எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். புருவத்துக்கு மேல் அந்தக் காற்புள்ளிகள், வரிசை வரிசையாக, ஒன்றுகூடத் தடம் பிசகாமல். என் கண்ணில் நீர் முட்டியது. அன்றைக்கு அந்தப் பென்சிலைச் சீவியது நானாகக்கூட இருக்கலாம்.

பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, மருந்துப் பக்கத்தில் அழுத்தாமல் ஒரு தடவை துடைத்தேன். பஞ்சு லேசாகக் கறுத்தது. இன்னொரு தடவை. காயவிட்டு ஸ்கேன் செய்து திரையில் நேராக்கினேன். இடது புருவத்துக்கு மேல், சாய்வாக, ஒரு நெல் நீளத்துக்குத் தழும்பு இருந்தது.

அந்த அம்மாள் திரைக்குப் பக்கத்தில் வந்து அந்த இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தார். எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து, 12×15 போதுமா என்று கேட்டேன்.